மாப்புக் கேட்கிற பிள்ளை

“நீ முதல்ல நான் சொல்றதக் கேளு...”

“கேட்டுட்டன் ராத்தா. விடிஞ்சதுல இருந்து அதத்தான் கேட்டுக்கிட்டு இரிக்கன்...”

“கேட்டிருந்தா இப்பிடிக் கதைக்க மாட்டாய். என்ட புள்ள ஐஸ் பெட்டிக்குள்ள...”

“விளையாட்டு எண்டுதானே அவள் சொல்றாள்...”

“பெட்டிக்குள்ள போட்டு மூடி, மேல ஏறிக் குந்திக்கிட்டு கொய்யாக்கா திண்டவள் விளையாடினவளா?”

“மாப்புக் கேட்டாள்தானே.”

“கேட்டாள்.”

“நீங்களும் குடுத்தீங்கதானே.”

“குடுத்தன். வாயால குடுத்தன் மர்ஷூதா. அவள் கேட்டதும் வாயாலதான்.”

அஸீஸா கிணற்றடியில் நின்று, ஏற்கெனவே பிழிந்த உடுப்பைத் திரும்பவும் பிழிந்தாள். மர்ஷூதா நிறைவயிற்றைத் தாங்கிக்கொண்டு தன் வீட்டுப் படியில் மெல்ல அமர்ந்தாள். ஒரே வளவு. தாய் தன் மகள்மார் இருவருக்கும் சீதனமாகப் பிரித்துக் கொடுத்த காணியில் இரண்டு வீடுகள், நடுவில் ஒரு கிணறு. கிணற்றை மட்டும் பிரிக்க முடியவில்லை. மூத்தவள் அஸீஸா. இளையவள் மர்ஷூதாவுக்கு இது ஒன்பதாம் மாதம்.

முந்தின நாள் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு நடந்தது அது. மர்ஷூதாவின் புருஷன் முத்தலிப்புக்கு ஆழ்கடலுக்குப் போகிற போட்டில் வேலை. பாவிக்காத பழைய ஐஸ் பெட்டியொன்று முருங்கை மரத்தடியில் கிடந்தது. உடுப்பு எடுக்க வந்த அஸீஸா, தங்கச்சி மகள் றிபா அதன்மேல் ஏறி இருப்பதைக் கண்டாள். பதின்மூன்று முடிந்த பிள்ளை. காலை ஆட்டி ஆட்டிக் கொய்யாக்காய் கடித்துக்கொண்டிருந்தாள்.

“றிஸ்வான் எங்க புள்ள?” என்று அஸீஸா கேட்டாள். றிஸ்வான் அவளுடைய கடைக்குட்டி. பாலர் பாடசாலைக்குப் போகிறவன்.

றிபா விரலால் கீழே காட்டினாள். “இதுக்குள்ள.”

மூடியைத் திறந்தபோது பிள்ளையின் உதடு நீலம். தலைமயிரெல்லாம் வியர்வை. தூக்கி எடுத்து முதுகில் தட்டியதும் மூச்சு விட்டான், ஆனால் அழவில்லை. அழாததுதான் அஸீஸாவை இன்னும் பயப்பட வைத்தது.

“ஏன்டி செஞ்சாய்?”

“சும்மா. எவ்வளவு நேரம் இருப்பான் எண்டு பாத்த.”

“அவன் தட்டல்லயா?”

“தட்டினான் பெரியும்மா. தட்டுறவன் உயிரோடதானே இருப்பான். தட்டுறது நிண்டதும் திறப்பம் எண்டு இருந்தன்.”

“இப்ப தட்டலயே.”

“ஓம். கொய்யாக்கா முடியட்டும் எண்டு இருந்தன்.”

சத்தம் கேட்டு வந்த மர்ஷூதா, மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வந்து ராத்தாவின் முன்னால் நிறுத்தினாள். நிறுத்தியதும் றிபா கொய்யாக்காயைக் கீழே வைத்தாள். கையைப் பாவாடையில் துடைத்தாள். வலது கையை நீட்டி, பெரியும்மாவின் கையை இரண்டு கைக்குள்ளும் பொத்தி, தலையைக் குனிந்தாள். “பெரியும்மா, தெரியாமச் செஞ்சிட்டன். அல்லாஹ்வுக்காக மாப்புத் தாங்க.” எழுத்துக்கு எழுத்துச் சுத்தம். ஓதல் ஒப்புவிப்பது போலக் குரலில் ஒரு தட்டுத் தடங்கலில்லை. அல்லாஹ்வுக்காக என்று ஒரு பிள்ளை கையைப் பிடித்துக் கேட்டால் எந்த வாய் இல்லையென்று சொல்லும்? “தந்துட்டன்” என்றாள் அஸீஸா. றிபா நிமிர்ந்து, மிச்சக் கொய்யாக்காயை எடுத்துக்கொண்டு, “உம்மா, ராவைக்கு என்ன கறி?” என்று கேட்டபடி வீட்டுக்குள் போனாள்.

இப்போது அஸீஸா பிழிந்த உடுப்பை வாளிக்குள் போட்டாள்.

“உம்மாவும் மவுத்தாகிப் போயிட்டா. உனக்குப் புள்ள கிடைச்சா நாப்பது நாளும் நான்தான் பாக்கணும். பாப்பன். ஆனா அவள் இரிக்கிற ஊட்டுல பச்சப்புள்ளய வச்சிக்கிட்டு எனக்குக் கண் மூட ஏலா. பொத்துவிலுக்கு அனுப்பு.”

“மைமூனா மச்சிட்டயா?”

“ஓம். அவள்ட வாப்பாவோட கூடப்பொறந்த சொந்த மாமிதானே. வச்சிப் பாக்கட்டும்.”

“மச்சிக்கு ரெட்டப் புள்ளைகள். ரெண்டும் இப்பதான் நடக்குதுகள்.”

அஸீஸா வாளியைத் தூக்கினாள்.

“சொல்லுங்க ராத்தா. உங்கட புள்ளைக்கும் என்ட புள்ளைக்கும் பயம். மச்சிட புள்ளைகள் மட்டும் என்ன, கடையில வாங்கினதுகளா?”

“நான் அப்பிடிச் சொல்லல்ல...”

“அப்பிடித்தான் சொன்னீங்க.”

கதவடியில் றிபா வந்து நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று இருவருக்கும் தெரியாது.

“நான் பொத்துவிலுக்குப் போக மாட்டன். மாமிட ஊட்டுல ஒரே கருவாட்டு மணம்.”

“பெரிய டொக்டர் மகள் வந்துட்டாள். உன்ட வாப்பா என்ன அத்தரா விக்கிற?” என்றாள் அஸீஸா.

றிபா சிரித்தாள். பகிடி அவளுக்கு உடனே விளங்கும். சிரித்து முடித்து, உண்மையாகவே தெரியாத ஒன்றைக் கேட்பது போலக் கேட்டாள்: “பெரியும்மா, நீங்க மாப்புத் தந்துட்டீங்க. பொறகும் ஏன் அதையே கதைக்கிற?”

அஸீஸா தங்கச்சியைப் பார்த்தாள். “கேட்டியா?”

மர்ஷூதா கேட்டாள். வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது.

*

றிபா படிப்பில் கெட்டிக்காரி. அதுதான் ஆட்களுக்கு விளங்காமல் இருந்தது. போன வருடம் பக்கத்தில் இருந்த பிள்ளையின் தலை முந்தானையை அவள் இருந்த வாங்குப் பலகையின் காலில் முடிந்துவிட்டு “பாம்பு” என்று கத்தினாள். எழுந்து ஓடப் பார்த்த பிள்ளை விழுந்து முன்பல் உடைந்தது. அன்றும் மர்ஷூதா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள். அங்கேயும் றிபா மாப்புக் கேட்டாள். பல் உடைந்த பிள்ளையின் உம்மாவே சொன்னாள், “என்ன அழகாக் கேக்குது. வளர்ப்பெண்டா இதுதான்.” அந்தச் சொல்லை மர்ஷூதா வெகுநாள் மனதில் வைத்திருந்தாள். கேட்கக் கேட்க ஒரு நாளைக்கு உள்ளே இறங்கிவிடும் என்று நம்பினாள்.

பள்ளிவாசல் லெப்பையிடம் ஓதித் தண்ணீர் கொடுத்தாயிற்று. முத்தலிப்பிடம் சொன்னால், “நானும் சின்னதுல குழப்படிதான்கா. என்னைக் கட்டி நீ செத்தா போனாய்?” என்று சிரிப்பார். அவர் கடலுக்குப் போனால் போன் எடுக்காது. இந்த முறையும் போயிருந்தார்.

பள்ளிக்கூடத்து ரீச்சர்தான் ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். அங்கே பிள்ளைகளுக்கான மனநல டொக்டர் மீனாம்பிகை. ஆலையடிவேம்புப் பக்கத்துப் பெண், பேச்சில் அவசரம் இல்லாதவள். முதலில் றிபாவோடு தனியாகக் கதைத்தாள். பிறகு றிபாவை வெளி வாங்கில் இருத்திவிட்டு மர்ஷூதாவைக் கூப்பிட்டாள்.

“மாப்பு எண்டா மன்னிப்புத்தானே?”

“மன்னிப்புத்தான் மிஸ். ஆனா...” மர்ஷூதா சொல்லைத் தேடினாள். “நாங்க அல்லாஹ்வுக்குச் செஞ்ச பிழைய அல்லாஹ் மன்னிப்பான். மனிசருக்குச் செஞ்சத அந்த மனிசர்தான் மன்னிக்கணும். அவங்க மாப்புத் தராம நாங்க மவுத்தானா அது எங்கட கழுத்துலயே இரிக்கும். அதுதான் சின்னதுல இருந்தே கையப் புடிச்சிக் கூட்டிக்கிட்டுப் போய்க் கேக்க வைக்கிற.”

“ஒவ்வொரு முறையும்?”

“ஒவ்வொரு முறையும். ஒண்டையும் விட்டதில்ல மிஸ்.”

“அவ என்னட்ட என்ன கேட்டா தெரியுமா? மாப்புக் கேட்டு முடிஞ்சிது, பொறகு என்னத்துக்கு இஞ்ச கூட்டிக்கொண்டு வந்தது எண்டு கேட்டா.”

மர்ஷூதா குனிந்து தன் விரல்களைப் பார்த்தாள். “என்ட வளர்ப்புப் பிழையா மிஸ்?”

“நான் அப்பிடிச் சொல்லல்ல.”

“அடிச்சும் பாத்திரிக்கன். அழ மாட்டாள். அடிச்சி முடிஞ்சா, ‘சரியா?’ எண்டு கேப்பாள்.”

“அடிக்க வேணாம். அதால ஒண்டும் ஆகாது. சில பிள்ளைகளுக்கு அடுத்த ஆள்ர நோவு, பயம் உள்ளுக்குப் போறது குறைவு. வேணுமெண்டு செய்யிறதில்ல. அந்தத் தம்பி பெட்டிக்குள்ள இருந்து தட்டின சத்தம் அவட காதுக்குக் கேட்டிருக்கு. காதோட நிண்டிட்டு.”

“மாறுமா?”

“மாறலாம். மெதுவா. எல்லாம் மாறும் எண்டு நான் சத்தியம் பண்ண மாட்டன்.”

டொக்டர் சொன்னவை அதிகமில்லை. ஏசுவதைக் குறைக்க வேண்டும். நல்லதொன்று செய்தால் அந்த இடத்திலேயே இன்னதென்று சொல்லிப் பாராட்ட வேண்டும். யாருக்கு என்ன செய்தாளோ அந்த ஆளுக்கு என்ன ஆனது என்று அவளையே சொல்ல வைக்க வேண்டும். அதைச் சரிப்படுத்த அவளால் ஏதும் செய்யமுடியுமானால் செய்ய விட வேண்டும்.

“இன்னொண்டு. கொஞ்ச நாளைக்கு நீங்க மாப்புக் கேக்க வைக்காதீங்க.”

“அது பாவம் மிஸ்.”

“கேக்க வேணாம் எண்டு நான் சொல்லல்ல. நீங்க கையப் புடிச்சிக் கூட்டிக்கொண்டு போக வேணாம். அவளா வந்து ஒரு நாளைக்குக் கேட்டா, அது வேற கதை.”

மர்ஷூதா எழும்பும்போது டொக்டர் அவளுடைய வயிற்றைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“பிள்ளை பிறந்தா, அவளைக் குழந்தையோட தனிய விடாதீங்க. கொஞ்ச நேரம் எண்டாலும்.”

“தம்பி எண்டா ஆசைப்படுவாள் மிஸ். பேரெல்லாம் யோசிச்சி வச்சிரிக்காள்.”

“ஆசைப்படட்டும். தனிய விடாதீங்க.”

திரும்பும் வழியில் ஆட்டோவுக்குள் றிபா கேட்டாள், “டொக்டர் என்ன சொன்ன?”

“இனி நான் உன்ன மாப்புக் கேக்கக் கூட்டிக்கிட்டுப் போகக்கூடாதாம்.”

சந்தோசப்படுவாள் என்று மர்ஷூதா நினைத்திருந்தாள். றிபா நெற்றியைச் சுருக்கினாள். ஆட்டோ கடற்கரை வீதிக்குத் திரும்பியது.

“அப்ப எப்பிடி உம்மா முடியிற?”

“என்னது?”

“செஞ்சது. அது எப்பிடி முடியிற?”

*

றிஸ்வான் மூடிய கதவுக்குள் இருக்க மறுத்தான். கக்கூசுக்குப் போனாலும் கதவைத் திறந்துவைத்து, உம்மா முன்னால் நின்று பாட வேண்டும். “பாடிப் பாடி எனக்குத் தொண்டை கட்டிப் போச்சு” என்று அஸீஸா கிணற்றடியில் நின்று சொன்னாள். யாருக்குச் சொல்கிறாள் என்று காட்டிக்கொள்ளவில்லை. றிபாவைப் பொத்துவிலுக்கு அனுப்பாததில் இருந்து தங்கச்சியோடு அவள் நேராகக் கதைப்பதை விட்டிருந்தாள். றிபாவின் செருப்புச் சத்தம் கேட்டால் பிள்ளை எங்கே நின்றாலும் உள்ளே ஓடிவிடுவான்.

மர்ஷூதா மகளைப் பக்கத்தில் இருத்தினாள்.

“றிஸ்வானுக்கு என்ன நடந்திரிக்கி? சொல்லு பாப்பம்.”

“கதவ மூடினா கத்துறான்.”

“ஏன்?”

“பெட்டிய நினைக்கிறான்.”

“அவனுக்கு அது குறையணுமெண்டா என்ன செய்யலாம்?”

றிபா கணக்குச் செய்கிறவளைப் போல மேலே பார்த்தாள். “பெட்டி இல்லாட்டி நினைக்க மாட்டான்.”

பின்னேரம் அவள் ஐஸ் பெட்டியைத் தனியாக இழுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனாள். கையிரண்டும் கன்றிப்போய்த்தான் திரும்பி வந்தாள். கரைவலைக்காரர்களிடம் கொடுத்துவிட்டாளாம். “சும்மாவா குடுத்தாய்?” என்று கேட்க வந்த வாயை மர்ஷூதா அடக்கிக்கொண்டாள். டொக்டர் சொன்னது நினைவு வந்தது.

“நல்ல வேலை மகள். றிஸ்வானுக்காக ஒரு பாரமான வேலை செஞ்சிரிக்காய்.”

றிபா உம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளை இப்படி யாரும் பாராட்டி வெகுநாளாகியிருந்தது. மர்ஷூதாவுக்கு அப்போதுதான் அது உறைத்தது.

கிணற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அஸீஸாவின் குரல் வந்தது. “வாப்பா கடலால வந்து பெட்டி எங்க எண்டு கேட்டா, நான் அந்தப் பக்கமே வர மாட்டன்.” பல நாளுக்குப் பிறகு அவள் இந்த வீட்டை நோக்கிச் சொன்ன பேச்சு அது. மர்ஷூதா அதையும் ஒரு நல்லதாக எடுத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் றிஸ்வான் தயங்கித் தயங்கி முருங்கையடிக்கு வந்தான். பெட்டி கிடந்த இடத்தில் புல் வெளுத்து ஒரு சதுரம் தெரிந்தது. அதைக் கால் பெருவிரலால் தொட்டுப் பார்த்தான். ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்த றிபா வெளியே வந்ததும் எடுத்தான் ஓட்டம்.

“உம்மா, பெட்டி போய்ட்டு. இப்பயும் என்னக் கண்டா ஓடுறான். ஏன்?”

“பயம் மகள்.”

“என்னத்துக்கு?”

“உன்னத்தான்.”

“நான் பெட்டி இல்லயே.”

கோபம் இல்லாமல்தான் சொன்னாள். உண்மையாகவே கேட்டாள்.

அந்தக் கிழமையே பள்ளிக்கூடத்தில் இருந்து ஆள் வந்தது. மேசை மூடியை வேண்டுமென்றே விட்டு ஒரு பிள்ளையின் விரல்களை றிபா நசுக்கியிருந்தாள். கேட்டதற்கு, “அவள் என்ட பேனையத் தரல்ல” என்றாள். மர்ஷூதாவுக்குக் கை ஓங்க வந்தது. ஓங்கவில்லை. பர்தாவை எடுக்கவும் இல்லை. மகள் வாசலில் செருப்போடு தயாராக நின்றாள்.

“வாங்க உம்மா. போய்க் கேட்டுட்டு வருவம்.”

“இல்ல.”

“அவள்ட ஊடு கிட்டத்தான்.”

“நான் வரல்ல. அவள்ட விரல் இப்ப எப்பிடி இரிக்கி எண்டு சொல்லு.”

“எனக்கு எப்பிடித் தெரியும்? வீங்கியிருக்கும். வாங்க உம்மா, கேட்டுட்டு வருவம்.”

“இல்ல மகள்.”

“அப்ப அது அப்பிடியே இரிக்குமே.”

“இரிக்கட்டும்.”

“எவ்வளவு நாளைக்கு?”

றிபா செருப்பைக் கழற்றினாள், பிறகு போட்டாள், திரும்பக் கழற்றினாள். வீட்டு மண்டபத்துக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். சோற்றில் பாதிதான் சாப்பிட்டாள். அவளை அப்படிப் பார்க்க மர்ஷூதாவுக்குப் பாவமாக இருந்தது. அதே நேரம், எங்கேயோ ஒரு மூலையில், அல்ஹம்துலில்லாஹ் என்றும் வந்தது. முடியாமல் இருப்பது இப்போது அவளுக்கும் தெரிகிறதோ? இல்லை, வழக்கமாகக் கிடைப்பது கிடைக்காத எரிச்சல் மட்டுந்தானோ?

*

அஸீஸா பாயும் தலையணையுமாக வந்து வாசலில் நின்றபோது மர்ஷூதாவுக்கு நோவு தொடங்கியிருந்தது.

“உனக்காக இல்ல. வாற புள்ளைக்காக.”

“ராத்தா...”

“வாய மூடிக்கிட்டு ஆட்டோவுல ஏறு. அறைக் கதவுக்கு உள்பக்கம் ஒரு கொண்டி போட ஆள் சொல்லிட்டன். நீங்க திரும்பி வாறத்துக்குள்ள போட்டிரும். உன்ட மகள் பாடசாலையால வந்தா, குழந்தை அறைக்குள்ள, கொண்டி உள்ளால. அதுதான் கதை. சரியா?”

“சரி ராத்தா.”

“சரியெண்டா நட.”

ஆசுபத்திரியில் வயிற்றை வெட்டித்தான் பிள்ளையை எடுத்தார்கள். ஆண் பிள்ளை. முத்தலிப்பின் போனுக்கு இன்னும் லைன் கிடைக்கவில்லை. அஸீஸாவின் புருஷன் அப்துல் ஹமீட் வந்து பிள்ளையின் காதில் பாங்கு சொன்னார். றிபா தள்ளி நின்று பார்த்தாள். தூக்கித் தரக் கேட்கவில்லை. “மூக்கு வாப்பாட மூக்கு” என்று மட்டும் சொன்னாள். அஸீஸா பிள்ளையை மறுபக்கத் தோளுக்கு மாற்றினாள்.

வீட்டுக்கு வந்த பிறகு நாட்கள் ஒரே மாதிரிப் போயின. காலையில் றிபா பாடசாலைக்குப் போனதும் அறைக் கதவு திறக்கும். மண்டபத்தில் கூரை வளையில் கட்டிய ஏணைத் தொட்டிலில் குழந்தையைப் போட்டு, அஸீஸா ஒரு காலால் ஆட்டியபடி கீரை நுள்ளுவாள். றிபா வருகிற நேரத்துக்கு முன்பே குழந்தை அறைக்குள் போய்விடும், கொண்டி விழும். றிபா ஒரு நாளும் கதவைத் தட்டவில்லை. ஒரு தடவை மட்டும் வெளியே நின்றபடி கேட்டாள்.

“பெரியும்மா, கொண்டி எனக்கா?”

அஸீஸா மர்ஷூதாவைப் பார்த்தாள். மர்ஷூதா சுவரைப் பார்த்தாள்.

“பூனைக்கு” என்றாள் அஸீஸா.

“எங்கட ஊட்டுல பூனை இல்லயே” என்று கதவுக்கு வெளியிலிருந்து சத்தம் வந்தது. பிறகு காலடி போய்விட்டது.

அன்று பாடசாலை இல்லாத வெள்ளிக்கிழமை இல்லை, வேறு விடுமுறையும் இல்லை. நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரம். அறைக்குள் சாம்பிராணிப் புகை அடங்காததால் குழந்தையை மண்டபத்து ஏணையில்தான் போட்டிருந்தது. மர்ஷூதா அறையில் பாயில் சரிந்து கிடந்தாள். தையல் இன்னும் இழுத்தது. ஒருக்களித்தால் கதவுத் திரைக்கு மேலால் ஏணைக் கயிறு வளையில் உரசுகிற இடம் தெரியும். கிறீச், கிறீச். அந்தச் சத்தம் இருக்கும் வரை எல்லாம் சரி என்று அவளுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது.

ராத்தாவின் வீட்டிலிருந்து றிஸ்வானின் அலறல் கேட்டது.

“காத்துக்குக் கதவு அடிச்சிட்டு போல” என்று அஸீஸா எழும்பினாள். “உள்ளுக்குத்தான் நிக்கான், பாவம். திறந்துபோட்டு ஓடி வாறன்கா. குழந்தை முழிச்சித்தான் இரிக்கி, அழல்ல.”

“ராத்தா, அவனத் தூக்கி என்னட்டத் தந்துட்டு...”

அஸீஸா அதற்குள் கிணற்றைத் தாண்டியிருந்தாள். கயிறு தானாக ஆடியது. கிறீச், கிறீச். மெல்லக் குறைந்தது.

வாசலில் செருப்பு விழுகிற சத்தம். ஒன்று. பிறகு மற்றது. புத்தகப் பை நிலத்தில் வைக்கப்பட்டது.

“யாரது?”

“நான்தான்.”

“என்ன மகள், வெள்ளனா வந்துட்டாய்?”

“ரீச்சர்மார் கூட்டமாம். விட்டுட்டாங்க.”

கிறீச். கயிறு வேகமாக ஆடத் தொடங்கியது. யாரோ ஆட்டுகிறார்கள். மர்ஷூதா முழங்கையை ஊன்றினாள். வயிற்றுக்குக் கீழே நெருப்பாகக் கொளுத்தியது.

“றிபா.”

“ம்.”

“என்ன செய்ற?”

“பாக்கிறன்.”

“யாரை?”

“தம்பிய.”

“தூங்குறானா?”

“இல்ல. என்னத்தான் பாக்கிறான்.”

கத்தினால் என்ன ஆகும் என்று மர்ஷூதாவுக்குத் தெரியவில்லை. கத்தக் கூடாது. ஏசுவதைக் குறைக்கத்தானே டொக்டர் சொன்னாள். அவள் குரலை இழுத்துப் பிடித்தாள்.

“அவன்ட முகம் எப்பிடி இரிக்கி? சொல்லு பாப்பம்.”

வெளியே கிறீச், கிறீச். கயிறு மட்டும்.

“பயமில்ல” என்றாள் றிபா. “அவனுக்கு என்னத் தெரியாதுதானே.”

“பெரியும்மா இப்ப வந்திருவா. நீ இஞ்ச வா மகள், என்னட்ட.”

“ஓம்.”

ஆனால் வரவில்லை. கயிறு ஆடியது. பிறகு மெதுவாக ஆடியது. பிறகு நின்றது. கடைசிக் கிறீச்சுக்குப் பிறகு இன்னொன்று வரும் என்று மர்ஷூதா காத்திருந்தாள். வரவில்லை. குழந்தை அழவும் இல்லை. அடுத்த வீட்டில் அஸீஸா றிஸ்வானுக்காகப் பாடத் தொடங்கியிருந்தாள்.

“றிபா.”

சுவரைப் பிடித்து எழும்பப் பார்த்தாள். பாதி எழும்பி, தலை சுற்றித் திரும்பவும் பாயில் விழுந்தாள். “ராத்தா” என்று கூப்பிட்டது அஸீஸாவின் பாட்டில் எடுபடவில்லை.

திரை விலகியது. றிபா மட்டும் உள்ளே வந்தாள். வெள்ளைப் பாடசாலை உடுப்பு, தலையில் முந்தானை சரியாக இருந்தது. பாயடியில் முழங்காலில் அமர்ந்தாள். யாரும் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக் கொண்டுவந்து இருத்தவில்லை. வலது கையை நீட்டினாள். உம்மாவின் கையை இரண்டு கைக்குள்ளும் பொத்தினாள். அவளுடைய உள்ளங்கை எப்போதும் காய்ந்துதான் இருக்கும். இன்று ஈரமாக இருந்தது.

‘தெரியாமச் செஞ்சிட்டன்’ என்று அவள் சொல்லவில்லை. அல்லாஹ்வுக்காக என்றும் சொல்லவில்லை. ஒப்புவிக்கிற அந்தக் குரல் வரவில்லை.

“உம்மா, மாப்புத் தாங்க.”

தானாக வந்து கேட்க வேண்டும் என்று மர்ஷூதா ஒவ்வொரு தொழுகையிலும் இரந்தது இதைத்தான். அவள் மகளின் முகத்தைப் பார்த்தாள். அதற்குப் பின்னால், திரை இடுக்கில், நேராகத் தொங்கிக்கொண்டிருந்த ஏணைக் கயிற்றைப் பார்த்தாள்.

“எதுக்கு, மகள்?”